நாற்காலியோடு நடக்கும் சூப்பர்வைசர்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முட்டிவலி இப்போ எப்படி இருக்கு? நானும் வயித்துல இருக்கிறதும் நல்லாத்தான் இருக்கோம். போன வாரம் தையல் மெஷினை விட்டு எழுந்தப்போ லேசா தலை சுத்திச்சு. விழல, படியில உட்கார்ந்தேன், அவ்வளவுதான். பதறாதே.

"காலையில பட்டினி கிடந்தா சுத்தாம என்ன செய்யும்? கொஞ்சம் கொஞ்சமா அஞ்சாறு தடவை சாப்பிடு, தினமும் அரை மணி நேரம் நட"ன்னு கம்பெனி நர்ஸ் சொன்னாங்க. யாரு நடக்க விடறா? மதியம் துணி வெட்டுற மேஜையை நான் சுத்தி நடந்தா, சூப்பர்வைசர் அண்ணன் நாற்காலியைத் தூக்கிக்கிட்டுப் பின்னாடியே வர்றார். இளைச்சது அவர்தான்! ரூம்ல இருக்கிற அக்காங்க நாலு பேரும் "ரெண்டு உயிர்டி"ன்னு ஆளுக்கொரு கரண்டி சோறு கொட்டறாங்க. நான் என்ன சாக்குப் பையா?

கால் வீங்கிப் பழைய செருப்பு நுழையல. பயமில்லைன்னு நர்ஸ் சொல்லிட்டாங்க. ஒரு சைஸ் பெருசா வாங்கி அனுப்பு. உன் பழைய காட்டன் புடவை ஒண்ணும் வை, துவைக்காம.

மணி அடிச்சிடுச்சு, ஓடணும். நடந்துதான் போறேன், பயப்படாதே. இங்க எல்லாரும் குழந்தைக்குச் சாப்பாடு போச்சான்னுதான் கேக்கறாங்க. போன்ல நீயும் அதையேதான் கேக்கறே. அடுத்த தடவை, நான் சாப்பிட்டேனான்னு கேளும்மா.

உன் மக