மீரா உசேன் வாத்தியார் மேல் எனக்கு ஒரு சந்தேகம்

வடக்குச்சேத்தி,
11-2-1973

அன்பு மகள் அம்சத்துக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் தம்பி துரைக்கண்ணுவும் உடம்பளவில் சுகம். பிலாயில் குளிர் விட்டதா, ஆஸ்பத்திரியில் உனக்கு இராத்திரி டூட்டி குறைந்ததா என்று அறிய ஆவல். சம்பா அறுப்பு பாதியில் நிற்கிறது. காரணத்தை எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் எங்கே தொடங்கினாலும் அந்த டிரில் வாத்தியாரிடம்தான் வந்து நிற்கிறது.

மீரா உசேன் என்று பெயர், முத்துப்பேட்டைக்காரர், ஆனியில் ஹைஸ்கூலுக்கு வந்தவர். நம்ம தெருப் பையன்களையும் குடியானத் தெருப் பையன்களையும் ஒன்றாகச் சேர்த்துச் சடுகுடு பழக்குகிறார். எல்லோரையும் ஒரே குடத்தில் தண்ணீர் குடிக்க வைக்கிறார். தம்பியின் முழங்கால் சிராய்ப்புக்குத் தன் கையாலேயே மருந்து போடுகிறார். நல்லதுதானே என்கிறாள் அம்மா. ஆனால் அவர் குடியிருப்பது எங்கே தெரியுமா, மிராசுதாரின் களத்து வீட்டில். வாடகை கிடையாது, சாப்பாடும் அங்கேயே. ஆதாயமில்லாமல் அந்த வீட்டில் ஒருவனுக்கு ஒரு வாய்ச் சோறு போடுவார்களா? நாம் கூலிக்காரர் சங்கத்தில் என்ன பேசுகிறோம் என்று பிள்ளைகள் வாயைக் கிளறத்தான் இந்த விளையாட்டெல்லாம் என்று அன்றைக்கே சொன்னேன், யார் கேட்டார்கள்.

பொங்கல் கழித்துத் திருவாரூரில் பந்தயம். நானும் உன் முருகையன் சித்தப்பாவும் போயிருந்தோம். கடைசி நேரத்தில் இரண்டு பக்கமும் சமம். எதிர்ப்பக்கத்துப் பையன் பாடி வந்து தம்பியின் தோளை உரசிவிட்டு ஓடிவிட்டான். நடுவர் கவனிக்கவில்லை, கோட்டருகே நின்ற எனக்கே தெரியவில்லை. தம்பி தானாகக் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். அந்த ஒரு புள்ளியில் தோற்றோம். வாத்தியாரோ அவனைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டுகிறார்! கூலிக்காரன் பிள்ளையை, யாரும் கேட்காமலே ஒத்துக்கொண்டு ஒதுங்கிப்போகப் பழக்கினால் அது யாருக்கு வசதி, நீயே யோசித்துப் பார். சித்தப்பா மட்டும் பஸ்ஸில் தம்பியைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

போன திங்கட்கிழமை மிராசுதார் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். கூலி நெல் பேசி முடிக்காமல் யாரும் வயலில் இறங்கக்கூடாது என்று நாங்கள் வரப்பில் நின்றோம். மிராசுதாரின் காரியக்காரர் கம்பை ஓங்கிக் காத்தாயி சின்னம்மா கையில் போட்டார், எலும்பு முறிந்துவிட்டது. பெண்டாட்டி விழுந்ததைப் பார்த்த சித்தப்பா, கையில் கிடைத்த தடியால் முன்னால் நின்ற வெளியூர்ப் பையனை அடித்துவிட்டார். மண்டை உடைந்தது, உயிருக்கு மோசமில்லை. அவன் வரப்பில் வழுக்கி விழுந்தான் என்று சொல்வதாகத் தெருவே கூடிப் பேசி வைத்தோம். தம்பி பக்கத்தில் நின்று பார்த்தவன். அவன் மட்டும், "கேட்டா பாத்ததத்தாம்பா சொல்லுவேன், சின்னம்மா கைய ஒடச்சதயும் சேத்துச் சொல்லுவேன்" என்று நிற்கிறான். அடித்தேன். அழவும் இல்லை, சொன்னதை மாற்றவும் இல்லை. இது அந்த வாத்தியார் வேலைதான் என்று நேரே அவரிடம் போய், "நீங்க சொன்னா கேப்பான், பேசாம இருக்கச் சொல்லுங்க" என்றேன். "கேப்பான். அதனாலதாங்க சொல்ல மாட்டேன்" என்றார். எனக்கு ஆத்திரம் பொறுக்கவில்லை. "களத்து வாசல்ல நின்னு நீங்களுந்தான் பாத்தீங்க, அவனுக்குச் சொல்லிக் குடுத்தத நீங்க எப்ப செய்யப்போறீங்க" என்று கேட்டுவிட்டேன். அதற்குமேல் நிற்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் போலீஸ் இன்ஸ்பெக்டர் விசாரணை. தம்பியைக் கூப்பிடப் போகிறார்கள் என்றதும் சித்தப்பா எழுந்து, "புள்ளயக் கேக்காதீங்கய்யா, நாந்தான் அடிச்சேன்" என்று முன்னால் போய் நின்றார். அதன்பிறகு வாத்தியாரும் எழுந்து, காரியக்காரர் சின்னம்மாவை அடித்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னார். சித்தப்பாவை ஜீப்பில் ஏற்றினார்கள். காரியக்காரர் சைக்கிள் மிதித்து வீட்டுக்குப் போனார். மெட்ராசில் நம்ம ஆட்சி என்று மார்தட்டுகிறோம், இங்கே இப்படி. அன்று மாலையே வாத்தியாரின் பெட்டியை ரோட்டில் தூக்கி வைத்துவிட்டார்கள். அம்மா பிடிவாதத்தால் நம் வீட்டில் இடம் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் அத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தவர் நான் கேட்ட பிறகுதானே பேசினார், அதனால் இன்னும் ஒரு கண் வைத்துத்தான் இருக்கிறேன்.

தம்பி விளையாடப் போவதில்லை. சித்தப்பாவை ஜெயிலில் வைத்தது தன்னால்தான் என்று சோற்றைத் தொடாமல் சுருண்டு கிடக்கிறான். வாத்தியார் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. நீ உடம்பைப் பார்த்துக்கொள், ஸ்வெட்டர் போடாமல் டூட்டிக்குப் போகாதே, ஊருக்கு வர இப்போது லீவு கேட்காதே. எங்கே இருந்தாலும் நீ நோய் நொடியில்லாமல் நிமிர்ந்து நடக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் ஆசீர்வதிக்கிறோம். ஒன்றை மட்டும் மறக்காதே. இந்தக் கடிதம் கண்டதும் தம்பி பேருக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. அவன் மேல் ஒரு தப்பும் இல்லை என்று எழுது. எனக்கும் அப்படித்தான் படுகிறது, ஆனால் அடித்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உன் அப்பா,
சாமிதுரை