கட்டுரையில் எழுதாமல் விட்டது

தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்கு ஒருநாளும் பிந்தாத என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் நாலு வருடம் ஆகிறது. நான் இப்போது நீலாயில் ஒரு கல்லூரியில் படிக்கிறேன் என்றால் நம்புவீர்களா? நாற்பத்தொரு வயதில்! வாரம் ஐந்து நாள் சுங்கை காடுட் தொழிற்சாலை, சனிக்கிழமை வகுப்பு. உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கிறது அப்பா.

பாடத்தின் பெயர் இன நீதி. வரலாறு, சட்டம், பொருளாதாரம், சுகாதாரம் என்று நாலு விரிவுரையாளர்கள் மாறி மாறி வருகிறார்கள். ஒரு குடும்பத்தை எடுத்து, நாலு பாடத்தின் வழியாகவும் பார்த்துக் கட்டுரை எழுத வேண்டும். எனக்கு உங்களைத் தவிர யார் இருக்கிறார்கள்?

தோட்டத் துரையின் பங்களா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நீங்கள் நின்றதை எழுதினேன். மந்தின் பக்கத்தில் நாம் இருந்த தோட்டத்தை விற்றதும் தொழிலாளர் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னதை எழுதினேன். மழை பெய்தால் கூலி இல்லாததை, உங்கள் இருமலை. முகமூடி இல்லாமல் எத்தனை வருடம் புல்லுக்கு மருந்து அடித்தீர்கள்! பாதியை வாசித்துக் காட்டியபோது வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

இதை என்னோடு வேலை செய்யும் ரபீக்கிடம் சொன்னேன். வங்காளதேசத்துக்காரர். முன்பு ஏதோ ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் இருந்ததால் தமிழ் பேசுவார்.

"அப்பா என்ன வேலை அக்கா?"

"கடைசியில மண்டோர், ஆளுங்கள வேல வாங்குறவரு. ஒங்க ஊரு ஆளுங்கதான் அவரு கீழ வேல செஞ்சாங்க."

ரபீக் சிரித்தார். "நான் மொதல்ல கத்துக்கிட்ட தமிழெல்லாம் மண்டோர் ஏசுனதுதான் லா. நல்ல வார்த்த அப்பறந்தான் வந்துச்சு."

அவர் சொன்னது வேறு தோட்டம், வேறு மண்டோர். ஆனாலும் அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் கட்டுரையை எடுத்துத் திரும்ப வாசித்தேன்.

நம் வீட்டுப் பின்சுவரில், ஆணியில் ஒரு பச்சை பிளாஸ்டிக் கப் தொங்குமே, நினைவிருக்கிறதா? உங்கள் கீழ் வேலை செய்த வங்காளதேச ஆட்களுக்கு அதில்தான் தேத்தண்ணி. "உள்ள கூப்புடாத, பின்னாலயே குடு" என்பீர்கள். நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். குடித்துவிட்டு அவர்களே குழாயடியில் கழுவி மாட்டிவிட்டுப் போவார்கள். துரை வாசலில் நின்ற நீங்களா அப்பா இதைச் செய்தீர்கள்? எனக்கு அப்போது பத்தொன்பது வயது. நானாவது ஒரு வார்த்தை கேட்டேனா?

இதையும் எழுதப்போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். "செத்த மனுசன் பேர ஏன்டி நாறடிக்கிற? ஒனக்கு மார்க்கு வேணும்னா வேற வீட்டப் பாரு!" என்று கத்தினார். நாலு பாடம் படிக்கிறேன், அம்மாவுக்கு என்ன பதில் சொல்வதென்று ஒன்றிலும் இல்லை.

அலுப்பாக இருக்கிறது. பேசாமல் பழைய கட்டுரையையே கொடுத்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் பாவப்பட்ட மனிதராக மட்டும் காட்டினால் அது நீங்கள் இல்லையே. அந்த ஆட்களில் காய்ச்சலில் கிடந்த ஒருவனை மோட்டார் சைக்கிளில் வைத்து கிளினிக்குக்குக் கொண்டுபோனவரும் நீங்கள்தான். திரும்பி வந்ததும் அவனுக்குக் கஞ்சி கொடுக்கச் சொன்னீர்கள், அதே கப்பில்.

வரும் சனிக்கிழமை முழுவதையும் வாசிப்பேன் அப்பா, கொண்டுபோய்க் கொடுத்தது நான் என்பதையும் சேர்த்து. அதைக் கேட்டுவிட்டு யார் உங்களை என்ன சொன்னாலும் எழுந்து போகமாட்டேன். அவர் என் அப்பா என்றுதான் பதில் சொல்வேன்.

எல்லாவற்றையும் எழுதினாலும் உங்களை விட்டுக்கொடுக்காத
மூத்த மகள் சாந்தி