பிள்ளைக்காக விழுங்கும் மாத்திரை

அன்பு மகள் வாலுவுக்கு,

நீ சாப்பிடுகிற அந்த மாத்திரையால் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்குக் கெடுதல் வந்ததாக, பிள்ளைகளைப் பிறந்தது முதல் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில் தெரியவில்லை. சொன்னவர் இங்கே பெரிய ஆஸ்பத்திரியின் கல்லீரல் டாக்டர், சொன்னது நேற்று மதியம், என்னிடம் நேரில். இதை முதலில் எழுதிவிட்டுத்தான் நலம் விசாரிக்க வேண்டும் என்று தோன்றியது. நானும் அப்பாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் உள்ளே உதைத்துக்கொண்டிருக்கும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும். சம்பந்தியம்மாவும் சுகமாக இருக்கட்டும், அவருக்கு என்ன குறை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அவர் போன் செய்தார். உன் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமி இருப்பது, அதன் அளவு மிக அதிகமாக இருப்பது, ஏழாம் மாதம் பிறந்ததும் டாக்டர் மாத்திரை ஆரம்பித்தது, பிள்ளையின் மூளையையும் எலும்பையும் அது கெடுக்கும் என்று ஏதோ ஒரு கட்டுரையைப் படித்துப் பயந்து போன வாரம் நீயாகவே அதை நிறுத்தியது, நான்கும் எனக்குப் புதுச் செய்தி. கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். இத்தனை வருஷம் பத்திரிகையில் ஓடியாடி வேலை பார்த்தவள் நான், எதிர்ப் பத்திரிகைக்காரர்கள்கூட என்னை இப்படி முந்தியதில்லை. என் மகளின் செய்தியைப் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு அம்மாள் எனக்குச் சொல்கிறார். உனக்குச் சோப்பு வாசனை பிடிக்கவில்லை, இடது பக்கம் ஒருக்களித்துத்தான் படுக்கிறாய், படியேறினால் மூச்சு வாங்குகிறது, எல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். வீடியோவில் நீ பேசும்போது உன் முதுகுக்குத் தலையணை வைக்க ஒரு கை வருகிறதே, அந்த வளையலைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் ஏற்றி இறக்கியவர் உன்னையும் ஏற்றிக்கொண்டுவிட்டார் போலிருக்கிறது. கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தார். "எங்க யார் பேச்சும் எடுபடல. உங்க பேச்சுன்னாதான் கேப்பா" என்றார். லைன் சரியில்லை என்று சொல்லி அதை இன்னொரு தடவை சொல்லவைத்தேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

உன்னை உடனே கூப்பிட்டேன், வேலையாக இருக்கிறேன் அப்புறம் பேசுகிறேன் என்றாய். திங்கட்கிழமையும் அதே பதில். ஒருவர் சொன்னார் என்பதற்காக நான் எதையும் எழுதியவள் இல்லை என்பது உனக்குத் தெரியும், அதனால் நேராகக் கல்லீரல் டாக்டரைப் பார்க்கப் போனேன். வரிசையில் உட்கார்ந்திருந்தபோது என் மனசில் இருந்ததை மறைக்காமல் எழுதுகிறேன், சம்பந்தியம்மா சொன்னதில் ஒன்றாவது தப்பாக இருக்க வேண்டும் என்று இருந்தது. ஒவ்வொன்றாகக் கேட்டேன். இந்தக் கிருமி பிள்ளைக்குப் போவது பெரும்பாலும் பிரசவ நேரத்தில்தானாம். பிறந்தவுடன் தடுப்பூசியும் அதோடு இன்னொரு ஊசியும் போடுகிறார்கள், பல பிள்ளைகளுக்கு அதுவே போதும். ஆனால் தாயின் ரத்தத்தில் அளவு உன்னுடையதைப் போல அதிகமாக இருந்தால் ஊசிகளையும் மீறிச் சில பிள்ளைகளுக்குத் தொற்றிவிடுகிறது, பிறக்கும்போது தொற்றினால் பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது. அளவைக் கீழே கொண்டுவரத்தான் மாத்திரை. சம்பந்தியம்மா சொன்னது சரி. மருந்து பிள்ளைக்கும் போகுமே என்றேன். கொஞ்சம் போகும் என்று ஒப்புக்கொண்டார். மாத்திரை சாப்பிட்ட தாய்மாரின் பிள்ளைகளையும் சாப்பிடாத தாய்மாரின் பிள்ளைகளையும் சில வருஷங்கள் கவனித்து, உயரம், எடை, எலும்பு, நடை, பேச்சு, புரிந்துகொள்வது எல்லாம் பார்த்திருக்கிறார்கள், சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்றார். அதுவும் சம்பந்தியம்மா சொன்னதுதான். பிள்ளைகள் பெரியவர்களாகும் வரை கவனித்தார்களா என்று கேட்டேன், அவ்வளவு நீண்ட காலத் தகவல் இன்னும் குறைவு என்று நேராகச் சொன்னார். அப்படிச் சொன்ன பிறகுதான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. நீ படித்த கட்டுரையில் எலும்பைப் பற்றி இருந்ததையும் கேட்டேன், அது வருஷக்கணக்கில் இதைச் சாப்பிடுகிறவர்களைப் பற்றிய கவலை, நீ சாப்பிடப்போவது சில மாதம். ஆனால் நீயாக நினைத்தபோது நிறுத்தினால் கிருமி திரும்ப ஏறும், உன் கல்லீரலும் வீங்கலாம் என்று எச்சரித்தார்.

ஒரே ஒரு இடத்தில் சம்பந்தியம்மா மாட்டினார். மாத்திரை சாப்பிடுகிறவள் பிள்ளைக்குப் பால் கொடுக்கக் கூடாதாம் என்று போனில் வருத்தப்பட்டிருந்தார். அப்படி இல்லை, தாராளமாகக் கொடுக்கலாம், ஊசிகள் போட்டுவிட்டால் போதும் என்று டாக்டர் சொன்னார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா, போட்டிப் பத்திரிகையில் தலைப்பே தப்பாக வந்துவிட்ட மாதிரி. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "சம்பந்தி தோத்தது இருக்கட்டும், பொண்ணு மாத்திரை போட்டாளா?" என்று கேட்டார்.

இனி நீ என்னிடம் மறைத்த காரணத்துக்கு வருகிறேன். டாக்டர் என்னையும் ரத்தம் கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன், இன்று காலையில் முடிவு வந்தது, எனக்கும் அதே கிருமி. ஸ்கேன் எடுத்தார்கள், கல்லீரல் நன்றாக இருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்ட வேண்டும், அவ்வளவுதான். அப்பாவுக்கும் உடனே பார்த்தார்கள், அவருக்கு இல்லை, தடுப்பூசி போட்டாகிவிட்டது. உனக்கு அனேகமாகப் பிறக்கும்போது என்னிடமிருந்துதான் வந்திருக்கும் என்றார் டாக்டர். இது உனக்கு முன்பே புரிந்துபோயிருக்கிறது, தெரிந்தால் அம்மா உடைந்துபோவாள் என்று வாயை மூடிக்கொண்டாய். மாமியாரிடம் சொல்ல முடிந்தது ஏனென்றால் அவருக்கு இதில் வலி இல்லை. நான் உடையவில்லை, நீ பிறந்தபோது யாரும் எனக்குச் சோதனையும் செய்யவில்லை, மாத்திரையும் கொடுக்கவில்லை. பொறாமை மட்டும் இருக்கிறது. சம்பந்தியம்மா மேல் இருப்பது உனக்குத் தெரிந்ததுதான். உன் மேலும் இருக்கிறது. உன் பிள்ளைக்கு இதைக் கொடுக்காமல் இருக்க உனக்கு ஒரு மாத்திரை கிடைத்திருக்கிறது, எனக்குக் கிடைக்கவில்லை. கிடைத்ததை நீ அலமாரியில் போட்டு வைத்திருக்கிறாய் என்று கேட்டபோது எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

இந்தக் கடிதத்தை உன் போனுக்கு அனுப்பினால் திறக்காமலே வைத்திருப்பாய். அதனால் நானே சம்பந்தியம்மாவைக் கூப்பிட்டேன். அவர் போனுக்குத்தான் அனுப்புகிறேன், அச்செடுத்து உன் கையில் கொடுப்பார். அவரும் இதைப் படிப்பார், படிக்கட்டும். பால் விஷயத்தை மட்டும் போனிலேயே திருத்திவிட்டேன். "அப்பாடா, அந்தப் பொண்ணு அத நெனச்சுதான் அழுதுக்கிட்டிருந்தா" என்றார். நீ அழுததும் அவருக்குத்தான் தெரிந்திருக்கிறது. பரவாயில்லை, எழுதுவதற்கு எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நீ அழும்போது பக்கத்தில் ஒருவர் இருந்தாரே. அந்த வளையல் கையாலேயே தண்ணீர் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன், வாங்கிக் குடி.

விட்ட நாட்களுக்குச் சேர்த்துப் போடாதே. இன்றைக்கே உன் டாக்டரிடம் உண்மையைச் சொல்லி, அவர் சொல்கிறபடி மறுபடி ஆரம்பி. மாப்பிள்ளைக்குத் தடுப்பூசியின் மூன்றாவது தவணை பாக்கி என்று கேள்வி, நினைவுபடுத்து. பிரசவ அறையில் இரண்டு ஊசியையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள், அந்த நேரத்தில் யாரும் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. நீயும் உன் பிள்ளையும் நீண்ட ஆயுசோடு, குறையில்லாமல், வாய் ஓயாமல் பேசிக்கொண்டு இருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் ஆசீர்வதிக்கிறோம்.

இன்னும் தெரிய வேண்டியவை இவை. உன் கிருமி அளவு இறங்கியதா என்பது மறு ரத்தப் பரிசோதனையில், மாதக் கடைசியில் தெரியும். பிள்ளைக்குத் தொற்றவில்லை என்பது அதற்கு ஒன்பது மாதம் ஆன பிறகு எடுக்கும் சோதனையில்தான் உறுதியாகும், அதுவரை நானும் சம்பந்தியம்மாவும் சேர்ந்துதான் பயப்பட வேண்டும். நீ மாத்திரையை மறுபடி ஆரம்பித்தாயா என்பது இன்று சாயங்காலத்துக்குள் தெரிந்தாக வேண்டும், அதை அவர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீயே கூப்பிடு.

உன் போனுக்காக உட்கார்ந்திருக்கும்,
அம்மா