பிரிக்காத பொட்டலம்

என் பிரியமுள்ள அக்காவுக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. உங்கள் அறையில் அரிசி மூட்டை அடுக்கியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சைகோனில் இப்போது எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

உங்கள் தம்பி, என் வீட்டுக்காரர், என்னையும் மகள் வள்ளியையும் காரைக்காலுக்கு அனுப்பப் பார்க்கிறார். சண்டை கிட்டே வந்துவிட்டதாம். அவர் மட்டும் கடையைப் பார்த்துக்கொண்டு இருப்பாராம். வாரம் தவறாமல் பின் யுவோங் ஊருக்குப் போகிறாரே, சரக்குக் கொடுக்கத்தானா? அங்கே இன்னொரு குடும்பமா?

"பின் யுவோங்ல யாரு இருக்கா?" என்று எத்தனை முறை கேட்டிருப்பேன்! "கடைக்காரன் இருக்கான், அவன் நாய் இருக்கு" என்பார். நீங்கள் அடுப்படியிலிருந்து சிரிப்பீர்கள். "ஏண்டி சிவகாமி, பதிலை முந்தானையில முடிஞ்சுக்கிட்டு வந்து கேட்டா, அவன் என்னத்தடி சொல்லுவான்?"

போவதா இருப்பதா என்று அம்மனிடமே கேட்போம் என்றார் அவர். வெள்ளிக்கிழமை கோயிலில் பூக்கட்டிப் பார்த்தோம். வெள்ளை வந்தால் போவது, சிவப்பு வந்தால் இருப்பது. வாழையிலையில் இரண்டு பொட்டலத்தையும் அவரே கட்டினார். குருக்கள் ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மற்றதைப் பிரிக்கிற வழக்கம் இல்லை. அது அம்மனை நம்பாததுபோல. ஆனால் வெங்காயத்தைக்கூட எண்ணி எழுதி வைக்கிறவள் நான். வீட்டிலிருந்து கொண்டுபோனது இரண்டு நந்தியாவட்டை, இரண்டு செவ்வரளி. தட்டில் மிச்சம் கிடந்த இரண்டும் செவ்வரளி.

பிரகாரத்தில் திரும்பி நின்று பிரித்தேன். அதிலும் வெள்ளை.

அம்மனுக்கே வாயைக் கட்டிவிட்டாரே இந்த மனுஷர்! சைக்ளோ ரிக்‌ஷாவில் வீடு திரும்பினோம். பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது. நான் இத்தனை வருஷம் பின் யுவோங் பற்றிக் கேட்டது மட்டும் என்ன? அவர் என்ன சொன்னாலும் பொய் என்றுதானே, என் பொட்டலம் இரண்டிலும் சிவப்பையே வைத்துக் கட்டியிருந்தேன்?

வீட்டுக்கு வந்து இரண்டு வெள்ளைப் பூவையும் அவர் முன்னால் வைத்தேன். "நாங்க போயிட்டா, நீங்க பின்னால வருவீங்களா, மாட்டீங்களா?"

கேட்ட பிறகுதான் பயந்தேன், அக்கா. வருவேன் என்றால் நம்ப வேண்டும். மாட்டேன் என்றால் தாங்க வேண்டும். நல்ல கேள்வி என்றால் கேட்கிறவளுக்குத்தான் முதலில் பயம் வரும் போலிருக்கிறது.

அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். "தெரியலடி" என்றார். பிறகு, "சிவப்பு வந்து, நீ இங்கயே இருந்து, உனக்கு ஒண்ணு ஆயிட்டா? அதான் ரெண்டுலயும் வெள்ளை வச்சேன்."

நம்புவதா? பாதி நம்புகிறேன். அந்தத் 'தெரியல'வை முழுசாக நம்புகிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை மறுபடி போகிறோம். அவர் கண் முன்னால் நான் கட்டுவேன். ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு. எது வந்தாலும் அதன்படி நடப்பேன்.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். பதினாறு வருஷத்துக்கு முன்னால் காரைக்காலுக்கு வந்து, கைக்குழந்தையோடு நான் சைகோனுக்கு வருவதா என்று பூக்கட்டிப் பார்த்தீர்களே. அன்றைக்கும் வெள்ளைதான் வந்தது, வரலாம் என்று. மற்றதைப் பிரிக்காமல் மடியில் செருகிக்கொண்டீர்கள். அதில் என்ன பூ இருந்தது, அக்கா?

எதுவாக இருந்தாலும், இங்கே இருந்தாலும் அங்கே போனாலும், உங்கள் திதிக்கு நான் வைக்கிற இலையில் ஒரு பதார்த்தம் குறையாது.

நீங்கள் அழைத்து வந்த,
உங்கள் தம்பி மனைவி சிவகாமி