வாப்பாவின் நாட்டு நாடகம்

கல்முனைக்குடி

அன்பு மகன் அர்ஷாத்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் தங்கச்சி ஸுலைஹா வீட்டாரும் சுகமாக இருக்கிறோம், உம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் வந்து வந்து போகிறது, நீயும் அந்தக் குளிருக்குள் உடம்பைக் காத்துக்கொண்டு சுகமாக இருக்கத் தொழுகைக்குத் தொழுகை துஆச் செய்கிறோம். கையில் போனை வைத்துக்கொண்டு வாப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். இந்த விஷயத்தைப் போனில் சொல்லத் தொடங்கினால் நீ இடையில் பாய்வாய், நானும் கத்திவிடுவேன், சொல்ல வந்தது நடுவழியில் நின்றுவிடும். வொய்ஸ் அனுப்பலாமென்றால் அதை உம்மா முதலில் கேட்டு அழத் தொடங்கிவிடுவாள். லீவில் வந்திருந்த றிப்தி திங்கட்கிழமை கொரியாவுக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன், ஆறுதலாக இருந்து கடைசி வரைக்கும் வாசி.

நீ கேட்டதற்கு வருகிறேன். மகள் ஸகியா என்னோடு கதைக்க வருகிறாளில்லை, என்னையே மறந்துவிட்டாள், அவள் உம்மா றுஸ்தாதான் பிள்ளையின் மனதைக் கெடுத்து வைத்திருக்கிறாள், பிள்ளை போனுக்கு வராவிட்டால் இனி அந்த வீட்டுக்கு நானும் கோல் எடுக்க மாட்டேன், போய் விசாரியுங்கள் வாப்பா என்று சொன்னாய். ஏழு வயதுப் பிள்ளை பெற்ற வாப்பாவைக் கண்டு ஒளிக்கிறதென்றால் யாருக்கும் வயிறு எரியும்தான். போய் விசாரித்தேன் மகன். ஆனால் அதற்கு முதல் இங்கே ஊரைப் பிடித்து ஆட்டுகிற கொரியா நாடகத்தின் கதையைச் சொல்ல வேண்டும், இரண்டும் ஒரே விஷயம் என்று எனக்கே போன கிழமைதான் தெரிந்தது.

நீ அங்கே போன நாளிலிருந்து நம் குடும்பத்துப் பெண்களுக்குக் கொரியா நாடகம் என்றால் உயிர், மகன் இருக்கிற நாடு, மருமகன் இருக்கிற நாடு என்று சொல்லிச் சொல்லியே பார்ப்பார்கள். முந்தி வந்தவை காதலும் சோறும் கண்ணீருமாக இருந்தன, நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது ஒன்று வந்திருக்கிறது. பெரிய மாடிக் கட்டடம், வரிசையாக இரும்புக் கதவுகள், பல ஊரிலிருந்தும் வேலைக்கு வந்த ஆட்கள் நீல ஜக்கெட்டோடு அதில் தங்கியிருக்கிறார்கள், அறையில் போன் அடிக்கும், போனில் யாருடைய குரல் கேட்கிறதோ அவனுடைய அறை முகமூடிக்காரர்களுக்குத் தெரிந்துவிடும், வந்து கழுத்தை அறுப்பார்கள். கதை இவ்வளவுதான், அதற்கு இத்தனை பாகம். தமிழில் குரல் வேறு போட்டிருக்கிறார்கள், கத்தியைக் கழுத்தில் வைத்துக்கொண்டு, தயவுசெய்து கண்களை மூடிக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகச் சொல்கிறான் பாவி. என்னதான் இருக்கிறதென்று பார்க்க ஒருநாள் நானும் உட்கார்ந்தேன், அரைவாசிக்கு மேல் முடியவில்லை, எழும்பிப் போய் முகம் கழுவினேன். பக்கத்தில் உம்மா புட்டைச் சாப்பிட்டுக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள், எனக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வருகிறேன், நம் தெரு ஒழுங்கையில் பிள்ளைகள் வரிசையாக மல்லாந்து கிடக்கிறார்கள். ஒருத்தரும் அசைகிறார்களில்லை. ஏதோ கரண்டு கம்பிதான் அறுந்து விழுந்துவிட்டதென்று நினைத்து ஓடினேன். ஓடிப் பார்த்தால் ஸுலைஹாவின் மூத்தவன் முகத்தில் சாரத்துண்டைக் கட்டிக்கொண்டு, உம்மாவின் அகப்பையால் ஒவ்வொரு கழுத்தாக அறுத்துக்கொண்டு போகிறான், இன்னொரு வாண்டு போன் மணிபோலச் சத்தம் போடுகிறது. வெள்ளிக்கிழமை என்றால் றுஸ்தா பிள்ளையை இங்கே கூட்டிக்கொண்டு வருவாள் அல்லவா, ஸகியாவும் அதற்குள் நின்றாள். அவள் மட்டும் விழவில்லை, மதிலோடு ஒட்டிக்கொண்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஸகியாதான் எப்பயும் தப்புற, அவ ஒருநாளும் ஹலோ சொல்லமாட்டா என்று பெடியன் பெருமையாகச் சொன்னான். நான் அகப்பையைப் பறித்து எல்லோரையும் துரத்திவிட்டேன். அவள் முகத்தை நின்று பார்க்கவில்லை, என் புத்தி முழுக்க அந்த நாடகத்தின் மேலேயே இருந்தது.

நான் பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கிற மரைக்கார்மாரில் ஒருவன் என்பதால் சும்மா இருக்க முடியுமா, கூட்டம் கூட்டினோம். அஸர் தொழுகைக்குப் பிறகு மேல் மண்டபத்தில் ஆண்கள், திரைக்குப் பின்னால் பெண்கள், பெருநாள் சந்தைபோல ஒரே சத்தம். பாத்தும்மா தன் பேரன் கக்கூசுக்குக்கூடத் தனியப் போகிறானில்லை என்று தொடங்கினாள். முர்ஷித் சேர் எழும்பி, பதினெட்டு வயசுக்கு மேல எண்டு தொடக்கத்திலயே போட்டிரிக்கான், அத வாசிக்காம பிள்ளைய மடியில வெச்சிப் பார்த்த ஆரு, நாடகத்தில என்ன பிழ, வேலைக்கி வந்த ஏழையள எப்பிடிச் சுரண்டுறான் எண்டு காட்டுறான், பெரிய பிள்ளைகளோட இருந்து பார்த்துக் கதைக்க வேணும் என்று வகுப்பெடுத்தார். உடனே திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண், சேர்ட வீட்டில டீவிக்கி வேற அறை இரிக்கி, எங்கட வீட்டில இரிக்கிறது ஒரே ஹோல், நாங்க பார்க்கிற நேரம் பிள்ளைகளக் கடலுக்கா அனுப்புற என்று கேட்டாளே ஒரு கேள்வி, சேர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் கச்சிமுகம்மது காக்கா எழும்பினார். என்னத்துக்கு இந்தப் பாடு, நாங்க சின்னதில உண்மையான வெடிச்சத்தத்துக்குள்ள படுத்து எழும்பின ஆக்கள், எங்களுக்கு என்ன நடந்த என்றார். கல்யாண வீட்டில் பட்டாசு கொளுத்தினால் காக்கா இன்றைக்கும் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்வார், அது ஊருக்கே தெரியும், ஆனால் யார் அதை அவர் முகத்துக்கு நேரே சொல்வது.

கடைசியில் நான்தான் எழும்பிப் பேசினேன். நாடகக்காரனைக் குறைசொல்லி வேலையில்லை, பார்க்கவிட்ட தாய்மாரைத்தான் கேட்க வேண்டும் என்று வெளுத்து வாங்கினேன், ஆண்கள் பக்கம் எல்லோரும் தலையாட்டினார்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கிற நேரம் அந்த நாடகம் எந்த வீட்டிலும் ஓடக்கூடாது என்று தீர்மானம் எடுத்து வட்ஸ்அப் குறூப்பிலும் போட்டோம். தீர்மானத்துக்குக் கீழேயே எவனோ ஒருவன், அடுத்த பாகம் வந்துட்டா என்று கேட்டிருந்தான். ஊர் லட்சணம் இதுதான்.

அந்த வீறாப்போடுதான் மருதமுனைக்கு, றுஸ்தா வீட்டுக்குப் போனேன். நீ கல்யாணம் முடித்த வீட்டில் நான் எப்போதும் விருந்தாளிதானே, முன் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு வருகிறவன், உள்ளே என்ன நடக்கிறதென்று நானும் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை. இந்த முறை கேட்டுவிட்டுத்தான் எழும்புவதென்று இருந்தேன். றுஸ்தா தேத்தண்ணியை வைத்துவிட்டுக் குசினிக்குள் போனாள், ஸகியா நிலத்தில் இருந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து மேசையில் இருந்த போன் அடித்தது, உன்னுடைய படம்தான் விழுந்தது. கோல் எடுக்கமாட்டேன் என்று சொன்ன உனக்கும் மனம் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளை பென்சிலைப் போட்டுவிட்டு எழும்பிப் பாய்ந்தாள், போனை வெட்டினாள், குசினி வாசலில் இருந்த அரிசி வாளிக்குள் அதைப் போட்டு இரண்டு கையாலும் அரிசியை அள்ளி மூடினாள். எனக்கு உச்சிக்கு ஏறிவிட்டது. வாப்பாட கோலை வெட்டுற அளவுக்கு உனக்கு ஆர் படிச்சித் தந்த என்று கத்தினேன். அவள் அழவில்லை, ஓடி வந்து என் மடியில் ஏறி, அரிசித் தவிடு ஒட்டின கையால் அப்பா என்று அவள் கூப்பிடுகிற இந்தக் கிழவனின் வாயைப் பொத்தினாள். அப்பா, மெல்லக் கதைங்க, வாப்பா போன்ல கதைச்சா அவனுகளுக்கு வாப்பாட றூம் தெரிஞ்சிரும், அறுத்திருவானுகள் என்றாள்.

குசினி வாசலில் நின்ற றுஸ்தாவும் அப்போதுதான் விளங்கிக்கொண்டாள், அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். பிறகு அழுது அழுது சொன்னாள். அந்த நாடகம் ஓடிக்கொண்டிருந்த நேரம் ஒருநாள் நீ கோல் எடுத்திருக்கிறாய். ஸகியா, வாப்பா நீங்க இதுக்குள்ளயா இரிக்கிற என்று கேட்டிருக்கிறாள். நீ சிரித்துக்கொண்டு, ஓம் மகள், வாப்பாவும் இந்தக் கட்டடத்திலதான் எண்டு சொல்லிப் போனைத் திருப்பி உங்கள் தங்குமிடத்தின் நீட்டு நடைபாதையைக் காட்டியிருக்கிறாய். அதே இரும்புக் கதவுகள், உன் உடம்பில் அதே நீல ஜக்கெட், தூசுக்கு முகமூடி போட்ட உன் கூட்டாளி ஒருவன் பின்னால் போகும்போது கையும் காட்டியிருக்கிறான். நீயும் சிரித்தாய், றுஸ்தாவும் சிரித்தாள். பகிடிதான், யார் இல்லையென்றது. அதற்குப் பிறகுதான் பிள்ளை போனுக்கு வரவில்லை. கோபத்தில் இருக்கிறாள் என்று றுஸ்தா நினைத்தாள், றுஸ்தா கெடுத்துவிட்டாள் என்று நீ நினைத்தாய், ஊர்ப் பிள்ளைகள் கொலைகாரராகப் போகிறார்கள் என்று நான் கூட்டம் போட்டேன். பிள்ளையிடம் மட்டும் ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. சபையில் தாய்மாரைக் கிழித்த வாயை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், கேள். முதலில் றுஸ்தாவுக்கு எழுதி மன்னிப்புக் கேள், அவளைச் சொன்ன சொல் பெரிய சொல், அவள் உன் பிள்ளையையும் வைத்துக்கொண்டு உன் சொல்லையும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். கொஞ்ச நாளைக்கு அந்த வீட்டுக்குக் கோல் எடுக்காதே, மணி அடிக்கிற ஒவ்வொரு முறையும் அந்தச் சின்ன நெஞ்சு அடிக்கிற அடியை நான் மடியில் வைத்து உணர்ந்தேன். பகல் வெளிச்சத்தில், அந்த ஜக்கெட்டைக் கழற்றிவிட்டு, கூட்டாளிமார் முகமூடி இல்லாமல் சோறு தின்கிறதை, சிரிக்கிறதை வீடியோ எடுத்து அனுப்பு, வாய் திறந்து ஒன்றும் பேசாதே. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு எப்படியாவது லீவு கேள். நான் என்னால் ஆனதைச் சொல்லிப் பார்த்தேன், அது நடிப்பு மகள், ரெத்தமெல்லாம் சாயத் தண்ணி, வாப்பா இருக்கிற இடம் நல்ல இடம் என்றேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்பா நீங்க அங்க போய்ப் பார்த்தீங்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். உம்மா போய்ப் பார்த்தவவா என்று கேட்டாள். அதற்கும் இல்லைதானே. அப்ப எப்பிடித் தெரியும் என்றாள். நாங்கள் எல்லோரும் சேர்ந்து உன்னை விமானம் ஏற்றி அனுப்பினோம், நீ எங்கே படுக்கிறாய் என்று ஒருத்தரும் கண்ணால் கண்டதில்லை.

பொழுதுபட்டதும் மஃரிபை அங்கேயே தொழுதேன். ஸகியாவும் பக்கத்தில் வந்து நின்றாள். தொழுது முடிந்ததும் கையேந்தி, யா அல்லாஹ், எங்கட வாப்பாவ ஆரோடயும் கதைக்க விடாத, என்னோடயும் கதைக்க விடாத என்று கேட்டாள். உன்னை மறந்துவிட்டாள் என்று நீ சொன்ன பிள்ளை. பிறகு என்னைப் பார்த்து, அப்பா, ஆமீன் சொல்லுங்க என்றாள். சொன்னேன் மகன்.

அல்லாஹ் உன்னை எல்லா ஆபத்து முஸீபத்தை விட்டும் காப்பாற்றுவானாக, உன் உழைப்பைப் பெருக்கிப் பறக்கத் செய்வானாக, உங்கள் மூவரையும் ஒரு கூரையின் கீழ் சேர்த்து வைப்பானாக. தொழுகையை விடாதே, குளிர் நாளில் காதை மூடிக்கொண்டு போ, உம்மா ஸலாம் சொன்னாள். சொன்னது ஞாபகம் இருக்கட்டும், போன் வேண்டாம். பெருநாளைக்கு வா, வந்து வாசலில் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடு, அவள் உன்னைத் தொட்டுப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உனக்காக எந்நேரமும் துஆச் செய்யும் வாப்பா
முகைதீன்பாவா