ராஜிக்கு வர மாட்டேன்

திருப்பதி
11.9.2024

அன்புள்ள பிரேமாவுக்கு,

ஆண்டவர் கைவிடவில்லை, இருக்கிறோம். நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும்.

சில நாட்களாக நீ போன் செய்துகொண்டே இருக்கிறாய், நான் எடுக்கவில்லை. உன்மேல் கோபம் என்று நினைக்காதே. உன் குரலைக் கேட்டால் சொல்ல வேண்டியதைப் பாதியில் விழுங்கிவிடுவேன். அதனால்தான் ஹாஸ்டலை விட்டுப் பிரிந்த புதிதில் எழுதிக்கொண்டோமே, அதுபோல எழுதுகிறேன்.

போன வியாழக்கிழமை டயாலிசிஸ் சென்டரில் என்னை அடித்துவிட்டார்கள் பிரேமா. அடித்தவன் சிரஞ்சீவி. உன் தம்பி.

நடந்தது இதுதான். மதிய ஷிப்டில் நோயாளிகள் காத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு ஓடி முடிந்த மிஷினை மருந்து விட்டுக் கழுவாமலே அடுத்தவருக்குப் போட அவன் தயாரானான். கூடாது என்றேன். நேரமாகிறது என்றான். நான் மிஷினை நிறுத்திவிட்டேன். நோயாளியின் மனைவி அவனைப் பார்த்து ஏதோ கேட்டாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் சலைன் எடுக்க ஸ்டோர் ரூமுக்குப் போனேன். பின்னாலேயே வந்து கதவைத் தள்ளினான்.

"இன்னாக்கா, எல்லாரு எதிர்லயும் என் மானத்த வாங்கிட்ட. நீ இன்னா பெரிய டாக்டரா?" என்றான்.

பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் இடது பக்கம் அறைந்தான். ரேக்கில் போய் மோதினேன். நிமிர்ந்தேன், மறுபடியும் அதே இடத்தில் அறைந்தான். அடிக்கும்போதும் அக்கா என்றுதான் சொன்னான், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கூட்டிப் பெருக்கும் பத்மினி வாசலில் நின்றிருந்தாள். அவள் கத்திய பிறகுதான் வெளியே போனான்.

காதில் ஓயாமல் இரைச்சல். பெரியாஸ்பத்திரியில் காட்டினேன். செவிப்பறை கிழிந்திருக்கிறதாம். தானாக மூடலாம், மூடாமலும் போகலாம் என்றார் டாக்டர். அங்கேயே போலீசுக்கும் வாக்குமூலம் கொடுத்துவிட்டேன்.

அவனுக்கு அந்த டெக்னீஷியன் வேலை நான் சொல்லித்தான் கிடைத்தது. என் தம்பியைப் பார்த்துக்கொள் என்று நீதான் கையைப் பிடித்துச் சொன்னாய். வேறு யார் மூலமாகவும் இது உன் காதுக்கு வரக்கூடாது என்று எழுதுகிறேன்.

உன் அன்பு மாறாத
எப்சிபா


சித்தூர்
16.9.2024

என் அருமை எப்சி,

உன் கடிதத்தை டூட்டி ரூமில் வைத்து வாசித்தேன். வாசித்துவிட்டு வார்டுக்குப் போய் ஒரு அம்மாவுக்கு ஊசி போட வேண்டியிருந்தது. வேறு நர்ஸை அனுப்பிவிட்டு முதலிலிருந்து மறுபடியும் வாசித்தேன்.

நீ பொய் சொல்ல மாட்டாய். அதை முதலில் எழுதிவிடுகிறேன். காதுக்கு ஒழுங்காக மருந்து போடு, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது பஞ்சு வை, சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். வேலூருக்குக் கூட்டிப் போய்க் காட்ட வேண்டுமென்றால் நான் லீவு போட்டுவிட்டு வருகிறேன்.

ஆனால் எப்சி, போலீசுக்குப் போகும் முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அவன் எட்டாவது படிக்கும்போது நைனா போனது உனக்குத் தெரியும். அம்மா அன்று முதல் அவன் முகத்தைப் பார்த்துத்தான் உயிர் வாழ்கிறாள். தை மாதம் அவனுக்குக் கல்யாணம். பெண் காளஹஸ்தி, பெயர் அலர்மேல்மங்கை, அங்கே வார்டு சச்சிவாலயத்தில் கவர்மென்ட் வேலை. நல்ல குடும்பம். கேஸ் என்று தெரிந்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அவன் முன்கோபக்காரன்தான். கெட்டவன் இல்லை. போன் போட்டுத் திட்டினேன், பேசாமல் கேட்டுக்கொண்டான். உன் வீட்டுக்கே அனுப்புகிறேன், உன் காலில் விழுவான். அதோடு இதை முடித்துவிடு. உன் தம்பியாக இருந்தால் என்ன செய்வாயோ அதைச் செய்.

அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. நீ சரி என்று எழுதினால் சொல்லவே வேண்டியதில்லை.

உன் பதிலுக்கு ஏங்கும்
பிரேமா


திருப்பதி
22.9.2024

அன்புள்ள பிரேமா,

பஞ்சு வைத்துத்தான் குளிக்கிறேன். நீ அதை எழுதியிருந்த வரியை மட்டும் இரண்டாம் தரம் வாசித்தேன்.

அவனை அனுப்பாதே. என் காலில் விழுந்து எனக்கு என்ன ஆகப்போகிறது? எங்கள் மேனேஜர் ரங்கையாவிடம் நான் ஈரத்தரையில் வழுக்கி ரேக்கில் இடித்துக்கொண்டேன் என்று சொல்லியிருக்கிறான். உன்னிடம் பேசாமல் கேட்டுக்கொண்டான் என்கிறாய். அங்கே பேசியிருக்கிறான்.

ரங்கையா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ வரவழைத்து, "ராஜி சேஸ்கோண்டி அம்மா" என்றார். அவனோடு சமாதானமாகப் போய்விடு, சென்டர் பெயர் கெட்டுவிடும் என்றார். என்னைக் காளஹஸ்தியில் உள்ள அவர்களுடைய இன்னொரு சென்டருக்கு மாற்றிவிடுகிறாராம். அடி வாங்கினவள் தினமும் பஸ் ஏறி வேறு ஊருக்குப் போக வேண்டும், அடித்தவன் அதே இடத்தில் இருக்க வேண்டும். டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. கேட்டார், அக்கா என்கிறானே, குடும்பத் தகராறா என்று. இல்லை சார், வேலை செய்கிற இடத்தில் கூட வேலை செய்கிறவன் அடித்தது என்றேன். அந்த வார்த்தையை அப்படியே தெலுங்கில் எழுதச் சொல்லி, வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

கிளமென்ட் புருஷன் என்ற ரோஷத்தில் ரேணிகுண்டா ஒர்க்ஷாப்பிலிருந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் அவனை அடிக்கிறேன் என்று நின்றார். நீங்கள் அடித்தால் இது உங்கள் சண்டையாகிவிடும், என்னுடையதாக இருக்காது என்றேன். அப்படியானால் வேலையை விட்டுவிடு என்றார். அதற்கும் மாட்டேன் என்றேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். இப்போது அவரே ஸ்டேஷனுக்கு வண்டியில் கூட்டிப் போகிறார்.

என் தம்பியாக இருந்தால் என்று கேட்டாயே, யோசித்துப் பார்த்தேன் பிரேமா. எங்கள் சென்டரில் புதிதாகச் சேர்ந்த பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த வியாழக்கிழமைக்கு மறுநாள் அவர்கள் அவனோடு முன்னைவிடப் பணிவாகப் பேசினார்களாம். பத்மினி வந்து சொன்னாள். பயத்தை மரியாதை என்று அவன் நினைத்துக்கொள்வான். என் தம்பியாக இருந்தாலும் அதை நினைக்க விடமாட்டேன்.

ராஜிக்கு வர மாட்டேன். நீ கேட்டு நான் இல்லை என்று சொல்வது இதுதான் முதல் தரம். மனதைக் கல்லாக்கிக்கொண்டு எழுதவில்லை, அழுதுகொண்டேதான் எழுதுகிறேன்.

என்றும் உன்
எப்சி


சித்தூர்
4.10.2024

எப்சிபாவுக்கு,

சிரஞ்சீவியை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு நாள் முழுதும் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். புத்தலப்பட்டில் எங்கள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. அம்மா சோறு துன்னு இரண்டு நாளாகிறது. மாவு கரைத்துக் கொடுத்தாலும் ஓங்கரிக்கிறாள்.

கிளமென்ட்டை நீ கட்டிக்கொள்ளக் கூடாது என்று உங்கள் சபையில் ஆளாளுக்குச் சொன்னபோது யார் உன் பக்கம் நின்றது? நான். உன் பிரசவத்துக்கு யார் ராத்திரி பகலாக இருந்தது? நான். அதையெல்லாம் சொல்லிக்காட்டக் கூடாது என்றுதான் இருந்தேன். சொல்ல வைத்துவிட்டாய்.

உனக்குப் போனது ஒரு காது. அதுகூட ஆறிவிடும். எங்களுக்குப் போவது ஒரு வீடு. நியாயம் உன்னிடம் இருக்கலாம். வைத்துக்கொள்.

பிரேமலதா


திருப்பதி
30.10.2024

அன்புள்ள பிரேமா,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதியிருந்தால் நானும் உன்னைப்போல எழுதியிருப்பேன். அதனால் தள்ளிப்போட்டேன்.

நீ செய்ததை நான் மறக்கவில்லை. பிரசவ வலியில் உன் கையைக் கடித்த தழும்பைக்கூட மறக்கவில்லை. அதற்கு ஈடாக இதைக் கேட்காதே என்றுதான் சொல்கிறேன். வேறு எதை வேண்டுமானாலும் கேள்.

உன் அம்மா வந்திருந்தார்கள். உனக்குத் தெரியுமோ தெரியாதோ. தனியாகப் பஸ் ஏறி வந்து எங்கள் கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. குனிந்தபடி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"அம்மா, இந்தப் பக்கமா வந்து சொல்லுங்க. அந்தக் காதுல கேக்கல," என்றேன்.

அவர்கள் நிமிர்ந்து என் முகத்தையே பார்த்தார்கள். பிறகு, "நான் ஒரே ஒரு அறைதானேன்னு நெனச்சிக்கினு வந்தேன்மா," என்றார்கள். முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார்கள். கிளமென்ட் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுபோய் ஏற்றிவிட்டு வந்தார். உன் அம்மா கேஸை வாபஸ் வாங்கு என்று கேட்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. அன்று முழுதும் எனக்கும் சோறு இறங்கவில்லை.

சென்டரில் விசாரணை வைத்தார்கள். மேலிடத்திலிருந்து ஒருவர் வந்தார். ரங்கையா பத்மினியை முன்னாடியே கூப்பிட்டு, காண்டிராக்ட் வேலை, யோசித்துப் பேசு என்றிருக்கிறார். அவள் என்னிடம் வந்து, "எனக்கு பயமா கீதுக்கா," என்றாள். பயமாக இருந்தால் வர வேண்டாம், நான் தப்பாக நினைக்க மாட்டேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். ஆனால் வந்தாள். கையைக் கட்டிக்கொண்டு நின்று, "நான் பாத்தேன் சார். ரெண்டு தபா அடிச்சாரு. மேடம் வழுக்கி விழல," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சிரஞ்சீவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பத்மினி இருக்கிறாள், அவளை எடுத்தால் நானும் ஸ்டேஷனும் திரும்பி வருவோம் என்று ரங்கையாவுக்குத் தெரியும்.

போலீஸ் சார்ஜ்ஷீட் போட்டுவிட்டது. டிசம்பர் பதினெட்டு கோர்ட்டில் முதல் வாயிதா.

நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். முதல் நாள் நோயாளியின் கையில் ஊசி ஏற்றும்போது முதல் தரம் தவறிவிட்டது. அந்தப் பெரியவர், "பரவால்ல, மெதுவா குத்தும்மா, நான் எங்க போகப்போறேன்," என்றார். சலைன் எடுக்க வேறு யாராவது போகட்டும் என்றார்கள். நானே போனேன். உள்ளே நின்றேன். தேவையான பாட்டில்களை எண்ணி எடுத்துக்கொண்டு வந்தேன். மறுநாள் ரங்கையாவிடம் போய் அந்த ஸ்டோர் ரூமுக்குக் கதவு வேண்டாம் என்றேன். முனகினார். ஆசாரி வந்து கழற்றிக்கொண்டு போனார். இப்போது உள்ளே யார் நின்றாலும் வார்டிலிருந்தே தெரியும்.

கோபம் தீரும்போது எழுது. தீராவிட்டாலும் எழுது.

உன்
எப்சி


சித்தூர்
8.12.2024

எப்சி,

நீ எழுதச் சொன்னாய் என்பதற்காக எழுதவில்லை. நடந்ததைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.

போன வாரம் ஓ.பி. நேரத்தில் ஒரு பெண் சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நின்று என் மேஜைக்கு வந்தாள். நிமிர்ந்து பார்த்தால் அலர்மேல்மங்கை. காளஹஸ்தியிலிருந்து வீட்டில் சொல்லாமல் வந்திருக்கிறாள். என்ன உடம்புக்கு என்று கேட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, உங்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றாள். ஊசி போடும் அறைக்குக் கூட்டிப் போனேன்.

அவளிடம் சிரஞ்சீவி எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான், அவனுக்குத் தெரிந்த விதத்தில். நீ வழுக்கி விழுந்தாய், அவன் வளர்வது பிடிக்காமல் பழி போட்டாய், அந்தக் கூட்டுகிறவளுக்குப் பணம் கொடுத்தாய். அவள் அழவில்லை, சண்டை போடவும் இல்லை. என்னை நேராகப் பார்த்து, "அவரு நெஜமா அடிச்சாராக்கா?" என்றாள்.

இந்தக் கேள்வி ஒருநாள் வரும் என்று எனக்குத் தெரியும். பதிலும் தயாராக வைத்திருந்தேன். அம்மா சொல்லிக் கொடுத்த பதில். அவள் என்னை அக்கா என்று கூப்பிட்டாள் எப்சி. என் வீட்டுக்கு வந்து, என் தம்பியோடு ஒரே அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வாழப்போகிறவள்.

"அடிச்சான்," என்றேன்.

தலையை ஆட்டினாள். கையிலிருந்த சீட்டை மடித்தபடி, "உங்களையும் அடிச்சிருக்காராக்கா?" என்றாள்.

நான் திரும்பி ஊசித் தட்டை அடுக்க ஆரம்பித்தேன். அவளும் திரும்பக் கேட்கவில்லை. சீட்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாளே அவர்கள் வீட்டிலிருந்து ஆள் வந்து நிச்சயதார்த்தத் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். யார் சொன்னது என்று விசாரித்து சிரஞ்சீவி சித்தூருக்கு வந்தான். என் சமையலறையில், என் பிள்ளைகள் எதிரில், என்மேல் கையை ஓங்கினான். நான் நகரவில்லை. அவன் கை ஓங்கினபடியே நின்றது. பிறகு தானாக இறங்கியது. அக்கா என்று இரக்கப்பட்டு இறக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தேனே, கேஸை நினைத்துத்தான் இறக்கினான். இத்தனை வருஷத்தில் அந்தக் கை பாதியில் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அம்மா என்னோடு பேசுவதில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் எனக்கு இன்னும் உன்மேல்தான் ஆத்திரம் வருகிறது. நியாயம் இல்லை என்று தெரிந்தும் வருகிறது. அந்த ஆத்திரம் போகட்டும், அதுவரை எனக்கு எழுதாதே, போனும் செய்யாதே.

பதினெட்டாம் தேதி கோர்ட்டுக்கு வர லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அம்மாவும் அவனும் ஒரு பக்கம் இருப்பார்கள். நான் வந்து உன் பெஞ்சில் உட்காருவேன். நீ பேச்சுக் கொடுக்காதே. உட்கார மட்டும் இடம் வை.

பிரேமா