கை நீட்டுகிற கார்

சித்திரபுரம்
14-2-1976

அன்பு மகன் அழகுமலைக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தங்கச்சி முத்துப்பேச்சியும் கருப்பசாமி புண்ணியத்தில் நல்லபடியாக இருக்கிறோம், நீயும் பம்பாயில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாய் என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொள்கிறேன். தை மாதம் பூராவும் உறைபனி விழுந்து கொழுந்தெல்லாம் தீய்ந்து போனது, வாரத்தில் மூன்று நாள்தான் கொழுந்து எடுக்கிற வேலை, மீதி நாளில் கவாத்து வெட்டிய குச்சியைப் பொறுக்கி அடுப்புக்குச் சேர்க்கிறேன். தங்கச்சி தையல் கிளாசில் சேர்ந்து முதல் ரவிக்கையை எனக்குத் தைத்துக் கொடுத்தாள், ஒரு பக்கம் ஏற்றம் ஒரு பக்கம் இறக்கம், அதையும் போட்டுக்கொண்டுதான் மலைக்குப் போகிறேன், பெற்ற கடன். எப்போதும் அவள்தான் எனக்காக எழுதுவாள், இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடுக்கவில்லை. ஐந்தாம் வகுப்புப் படிப்பை வைத்து நானே எழுதுகிறேன், மூன்று நாளாக எழுதுகிறேன், எழுத்துப் பிழையைப் பார்த்துச் சிரிக்காமல் கடைசிவரை படி.

ஐப்பசியில் அப்பா விழுந்து முழங்கால் உடைந்த கதை உனக்குத் தெரியும், ஆனாலும் நான் உனக்கு அரைகுறையாக எழுதினேன், இப்போது முழுசாக எழுதுகிறேன். அன்றைக்குக் கருப்பசாமி படையலுக்குச் சுருட்டும் ஒரு பாட்டில் சாராயமும் வாங்கிக்கொண்டு அப்பா மத்தியானம் மூன்று மணிவாக்கில் ரோட்டில் வந்துகொண்டிருந்தார். மூடுபனி என்றால் அப்படி ஒரு மூடுபனி. எஸ்டேட் ரோடு பிரிகிற முக்கில் நிற்கும்போது மேலேயிருந்து ஒரு கறுப்புக் கார் இறங்கி வந்திருக்கிறது, அதன் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் கை, சிவப்பாக, எஸ்டேட் ரோட்டுப் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றதாம். சரி, கார் இங்கேதான் திரும்பப்போகிறது என்று அப்பா ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் நகர, கார் திரும்பாமல் நேரே வந்துவிட்டது. இவர் எகிறிக் குதித்துப் பள்ளத்தில் விழுந்தார், இடுப்பில் செருகியிருந்த பாட்டில் உடைந்து உடம்பெல்லாம் சாராயம். கார் நிற்காமல் போய்விட்டது. கொழுந்துச் சாக்கில் வைத்து நாலு பேர் தூக்கிவந்து எஸ்டேட் லயத்தில் நம் வீட்டு வாசலில் கிடத்தியபோது அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான், கார் கையை நீட்டிச்சு, கார் கையை நீட்டிச்சு.

நீ ஆறாவது படிக்கும்போது கருப்பசாமி முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்து குடியை விட்ட மனுசன். அதற்கு முன்னால் இருந்த இருப்பு உனக்கும் மறக்கவில்லை, எனக்கும் மறக்கவில்லை, அதுதான் வினையாகிப் போனது. நான் குனிந்து முகர்ந்து பார்த்தேன் அழகுமலை. வாடை சட்டையிலிருந்து வருகிறதா வாயிலிருந்து வருகிறதா என்று ஒரு நிமிசம் நிதானிக்கவில்லை, கால் தொங்கிக் கிடக்கிற மனுசனைப் பார்த்துச் சாமிக்கு வாங்கினதையும் குடிச்சிட்டியே பாவி என்று தலையில் அடித்துக்கொண்டு கத்தினேன். முதலில் கத்தியது நான்தான். அதற்கப்புறம்தான் லயத்தில் மற்றவர்களுக்கு வாய் வந்தது. காருக்குக் கை முளைத்த கதை என்று சின்னப்பிள்ளைகள்கூட அவரைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டிக் காட்டின.

அப்போதுதான் உன்னிடம் கேட்டு எழுதினேன், மகன் மோட்டார் ஒர்க்ஷாப்பில் இருக்கிறான், அவனுக்குத் தெரியாத காரா என்று. நீ எழுதிய பதில் எனக்கு மனப்பாடம். ஒரு நாளைக்கு இருபது காரைப் பிரித்து மாட்டுகிறேன், எந்தக் காருக்கும் கை கிடையாது, லைட்டுதான் மின்னும், அப்பா பழைய குணத்துக்குத் திரும்பிவிட்டார், இனிமேல் அவர் பெயருக்குக் கடிதம் எழுதமாட்டேன் என்று எழுதினாய். நான் அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டிருக்க வேண்டும். கோயில் தலைவர் மொக்கையன் மாமா மகன் என்ன எழுதியிருக்கான் என்று கேட்டபோது எடுத்து நீட்டினேன், அவர் கார்த்திகைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் வாசித்துவிட்டார். பெத்த மகனே சொல்லிட்டான், இனி என்ன பேச்சு இருக்கு என்று முடித்துவிட்டார்கள். சாமியின் சரக்கைக் குடித்தவன் சாமிப் பெட்டியைத் தூக்கக்கூடாது என்று தீர்ப்பு. பத்தொன்பது வருசம் மாசிப் படையலுக்கு அந்தப் பெட்டியைத் தலையில் தூக்கியவர். அன்றிலிருந்து நான் சோறு வைத்தால் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுகிறார், தபால்காரர் வந்தால் எழுந்து பின்பக்கம் போய்விடுகிறார்.

தை ஏழாம் தேதி அவருக்குக் காலில் தேய்க்கிற தைலம் வாங்கச் சித்திரபுரம் ஆசுபத்திரிக்குப் போனேன். கரண்ட் ஆபீஸ் குவார்ட்டர்ஸ் முன்னால் ஒரு பழைய கறுப்பு பிளசர் கார் நின்றது, ஆமை முதுகு மாதிரி வளைந்த முதுகு. புதிதாக வந்திருக்கிற இஞ்சினியர் ஐயாவின் கார், டிரைவர் பெயர் சுவக்கீன். அவர் வண்டியை எடுத்துத் திருப்பினார் பார், இரண்டு கதவுக்கும் நடுவே இருக்கிற தூணிலிருந்து டக்கென்று ஒரு கை வெளியே வந்து நீட்டிக்கொண்டு நின்றது. சிவப்பாக, நடுவில் லைட்டு எரிந்துகொண்டு. நான் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். மயக்கம் என்று நினைத்து அவர் இறங்கி ஓடிவந்தார், நான் தைலப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு அழுகிறேன், அந்தக் கையைக் காட்டுகிறேன், அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் விவரம் கேட்டுவிட்டுச் சொன்னார், அம்மா இது பழைய மோரிஸ், இந்தக் காலத்துக் காருக்கு லைட்டு மின்னும், அந்தக் காலத்துக் காருக்குக் கைதான், சில நேரம் திரும்பி முடிச்ச பிறகும் உள்ளே போகாம நீட்டிக்கிட்டே நிக்கும், தூணில் ஒரு குத்து விடணும் என்று. அவர் வண்டியா அன்றைக்கு வந்தது என்று நீ கேட்பாய், இல்லை, அது மார்கழியில்தான் கோட்டயத்திலிருந்து வந்தது. அன்றைக்கு வந்தது யார் வண்டியோ, அந்த ஆளுக்கு இப்படி ஒருவர் விழுந்தது தெரியுமோ தெரியாதோ, எனக்கு அவர் வேண்டாம். காருக்குக் கை உண்டு, அது போதும்.

ஓடிப்போய் மொக்கையன் மாமாவிடம் சொன்னேன். அவர் லேசில் மடங்குகிற ஆளா, யாரோ ஒருத்தர் வினோதத்துக்கு மாட்டி வச்சிருப்பாங்க, ஒத்தக் காரை வச்சுக் கோயில் தீர்ப்பை மாத்த முடியாது தாயி என்றார். இன்னும் எத்தனை காட்டணும், தொகையைச் சொல்லுங்க என்று கேட்டேன். போகட்டும், இன்னும் ரெண்டு காட்டு என்றார். நான் சொல்வதை நம்பமாட்டீர்கள், உங்கள் வீட்டம்மாவை என்னோடு அனுப்புங்கள் என்று மூக்கம்மாள் அத்தையைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து நானும் அத்தையும் பார்க்காத கார் கிடையாது. பெட்ரோல் பங்க், மாதா கோயில் வாசல், கல்யாண வீடு, எங்கே பழைய வண்டி நின்றாலும் போய்த் தூணைத் தடவிப் பார்ப்போம். பள்ளிவாசல் எஸ்டேட்டில் கப்பல் நீளத்துக்கு ஒரு அமெரிக்கா வண்டியில் படம் பிடிக்க வந்தவர்கள் இறங்கினார்கள், கையைக் காட்டுங்கள் என்று கேட்டேன், ஜோசியம் பார்க்கிறவள் என்று நினைத்து அந்த அம்மா தன் கையை நீட்டினாள். அத்தை சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கம்பம்மெட்டில் சித்தி பேத்தி சடங்குக்குப் போனோம், அங்கே ஏலக்காய்க் கடை முன்னால் பின்சீட்டைக் கழற்றிவிட்டு மூட்டை அடுக்கியிருந்த ஒரு பச்சை ஹில்மேன், அதற்கும் கை, கடைக்காரர் மூன்று தடவை நீட்டிக் காட்டினார். காந்தலூரில் பூண்டு வாங்கப் போன இடத்தில் ஓர் ஆஸ்டின், சக்கரம் இல்லாமல் கல்மேல் உட்கார்ந்திருக்கிறது, உள்ளே கோழி அடைகாக்கிறது. நகத்தால் நெம்பி நானே அதன் கையை வெளியே இழுத்தேன், கோழி என்னைக் கொத்தியது, தழும்பு இன்னும் இருக்கிறது. பெயரெல்லாம் எனக்கெப்படித் தெரியும் என்று யோசிக்காதே, விசாரித்து விசாரித்துத் துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை டிரைவர் தம்பி சுவக்கீன் இஞ்சினியர் ஐயாவிடம் கேட்டுக்கொண்டு வண்டியைக் கோயில் மைதானத்துக்கே கொண்டுவந்துவிட்டார். லயமே கூடிவிட்டது. அவர் உள்ளே ஒரு விசையைத் திருப்பியதும் கை வெளியே வந்தது, உள்ளே போகச் சொன்னால் போகவில்லை, நீட்டிக்கொண்டே நின்றது. அப்பா சொன்ன மாதிரியே. மூக்கம்மாள் அத்தைதான் புருசனைப் பார்த்து இப்ப என்ன சொல்றீரு என்று கேட்டாள். மாமா தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அப்பா முன்னால் வந்து, மாப்ள கருத்தப்பாண்டி, தப்பாப் பேசிட்டோம், வந்து அந்தக் கையைப் பாருய்யா என்றார். அப்பா உட்கார்ந்த கல்லைவிட்டு எழவில்லை. நான் அன்னைக்கே பார்த்துட்டேன், நீங்க பாருங்க என்றார். நான் எல்லார் முன்னாலும் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டேன், வெட்கப்படவில்லை. என் தலையில் கை வைத்தார். அன்று ராத்திரிச் சோற்றுக்கு என்னைப் பார்த்து உட்கார்ந்தார்.

ஆனால் பெட்டியைத் தொடமாட்டேன் என்கிறார். மாமா கெஞ்சினார், கமிட்டிக்காரர்கள் வந்து கெஞ்சினார்கள். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீங்க பேசினதை நான் அப்பவே விட்டுட்டேன், என் மகன் எழுதினதை இதே இடத்தில வச்சு எல்லாருக்கும் வாசிச்சீங்க, அவன் மாத்தி எழுதினா அதையும் இதே இடத்தில வாசிக்கணும், அதுக்கப்புறம் தொடுறேன் என்றார். சொல்லிவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார் அழகுமலை. அதற்கு முன்னால் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

மாசி கடைசி வெள்ளிக்குப் படையல், நாலு வாரம்கூட இல்லை. உன் கடிதம் வர ஏழெட்டு நாள் ஆகிறது, அதனால் இதைப் படித்த கையோடு எழுது, லீவு நாள் வரட்டும் என்று தள்ளிப்போடாதே. உன்னைத் திட்டுவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை, பக்கத்தில் இருந்த நானே நம்பவில்லை, தூரத்தில் இருக்கிற நீ என்ன செய்வாய். உனக்கு வருகிறதெல்லாம் புது வண்டி, தெரியாததைத் தெரியாது என்று எழுதியிருந்தால் போதும், இல்லவே இல்லை என்று எழுதிவிட்டாய். தெரியாமல் எழுதிவிட்டேன், பழைய காருக்குக் கை உண்டு என்று மட்டும் எழுது, சுற்றி வளைக்காதே. உன்னால் முடியாது என்றால் அதையும் எழுது, நான் ரயிலேறிப் பம்பாய்க்கு வந்து உன்னைப் பக்கத்தில் உட்கார்த்தி எழுத வைப்பேன், இத்தனை காரைத் தேடிப் பிடித்தவளுக்கு உன் ஒர்க்ஷாப்பைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, கிரீஸ் கையோடு சாப்பிடாதே, வண்டிக்கு அடியில் படுக்கும்போது ஜாக்கி சரியாக நிற்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுப் படு. கருப்பசாமி உனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டார், நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும்.

கவரின் மேல் வழக்கம்போல் என் பெயரைப் போட்டுவிடாதே. எஸ். கருத்தப்பாண்டி, தேயிலை பாக்டரி என்று போடு. தபால்காரர் அந்தப் பெயரைச் சத்தமாகக் கூப்பிட வேண்டும், அவர் வாசலுக்கு வந்து வாங்க வேண்டும்.

உன் அம்மா
வேலுத்தாய்